கடலூர் வெயிலில் தாய்ப்பாலைச் சேமித்து வைப்பது எப்படி?

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை எவ்வளவு நேரம் வெளியில் வைத்திருக்கலாம் என்று தேடினால், கிடைக்கிற அட்டவணைகளில் பெரும்பாலானவை 4 மணி நேரம் என்று சொல்லும். விடை சரியானதுதான், ஆனால் அதே வரியில், 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவான வெப்பத்தில் என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். பல நாடுகளிலும் எடுத்தாளப்படுகிற, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணையில் இருப்பது இதுதான். கடலூரிலோ புதுச்சேரியிலோ மின்விசிறி மட்டும் ஓடுகிற ஒரு வீட்டில் மார்கழி மாதப் பகலில்கூட வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். கத்திரி வெயில் நாட்களில் வெளியே 37, 38 டிகிரி என்பது வழக்கம். சில நாட்களில் 40-ஐயும் தாண்டும், அடுப்பு எரியும் சமையலறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே அந்த 4 மணி நேரத்தை நம் ஊர் அலமாரித் தட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. தாய்ப்பாலைச் சேமிப்பதில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கால் பங்கு, இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே தெளிந்துவிடும்.

முதலில், எந்தச் சூழலில் சேமிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறந்த குழந்தைக்கு நேரடியாக மார்பில் பாலூட்ட முடிகிற தாய் எதையும் பீய்ச்சி வைக்க வேண்டியதில்லை. சேமித்த பால் எவ்வளவு கவனமாகக் கையாளப்பட்டாலும் நேரடியாகக் குடிக்கும் பாலுக்கு ஒரு படி கீழேதான். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் தாயால் குழந்தையை எடுத்துவைக்க இயலாதபோது, பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகி குழந்தையால் கவ்வ முடியாதபோது, காம்பில் வெடிப்பு வந்து இரண்டு நாள் ஓய்வு தேவைப்படும்போது, அல்லது மகப்பேறு விடுப்பு என்ற ஒன்றே இல்லாத வேலையில் இருக்கும் தாய் விரைவிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்போதுதான் சேமிப்பு தேவைப்படுகிறது. குழந்தை சேமித்த பாலைக் குடிக்கும் அதே வேளையில் தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் சுரப்பு மெல்லக் குறையத் தொடங்கும்.

பாலுக்குள் என்ன நடக்கிறது?

ஆவின் பாக்கெட்டானாலும் பாண்லே பாக்கெட்டானாலும், பால் வீட்டுக்கு வந்தவுடன் காய்ச்சிவிடுவது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். காய்ச்சிய பாலை மேடையிலேயே மூடி வைப்பதும், மாலையில் மீண்டும் சூடாக்குவதும், மிச்சத்தோடு புதுப்பாலைச் சேர்ப்பதும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி. மாட்டுப்பாலுக்கு இவை ஓரளவு பொருந்தும். தாய்ப்பாலுக்கு இவற்றில் ஒன்றுகூட அப்படியே பொருந்தாது என்பதைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும், குறிப்பாகப் பாட்டிமார்களுக்கு, பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் இதுதான். தாய்ப்பாலில் உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமிகளுக்குத் தேவையான இரும்புச் சத்தை அவற்றுக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. கிருமிகளின் புறச்சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. குழந்தையின் குடலில் படிந்து காவல் நிற்கும் எதிர்ப்புரதங்களும் இருக்கின்றன. பீய்ச்சி எடுத்த பின்னும் சில மணி நேரம் இவை வேலை செய்துகொண்டே இருப்பதால்தான், காய்ச்சாத தாய்ப்பால் காய்ச்சாத மாட்டுப்பாலைவிட நெடுநேரம் கெடாமல் இருக்கிறது. அதைக் காய்ச்சினால் கிருமியும் சாகும், கிருமியைத் தடுக்கும் பொருள்களும் அழியும். குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். வெப்பம் ஏற ஏற இந்தக் காவல் சோர்வதும் கிருமிகள் பெருகுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 15 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் நல்ல நிலையில் இருக்கக்கூடிய பால், வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே ஐயத்துக்கு உரியதாகிவிடுகிறது.

தாய்ப்பால் மருத்துவத்துக்கான பன்னாட்டு மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 16 முதல் 29 டிகிரி வரை 4 மணி நேரம் சிறந்தது என்றும், மிகத் தூய்மையாக எடுக்கப்பட்ட பால் என்றால் 6 முதல் 8 மணி நேரம் வரை ஏற்கத்தக்கது என்றும் சொல்கிறது. 27 முதல் 32 டிகிரி வரையிலான சூழலுக்கு 4 மணி நேரத்தையே எல்லையாகக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. நம் ஊர் மருத்துவமனைகளில் சிலர் 6 மணி நேரம் என்றும் வேறு சிலர் 4 மணி நேரம் என்றும் சொல்லக் கேட்டுக் குழம்புகிறவர்கள், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 32 டிகிரிக்கு மேல் போகும் சித்திரை, வைகாசி மாதங்களுக்கு என் தீர்மானம் இது: குளிரூட்டி இல்லாத வீட்டில், பாலை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இது எந்த அட்டவணையிலும் உள்ள எண் அல்ல. ஆனால் ஃப்ரிட்ஜ் நாலு எட்டு தூரத்தில் இருக்கும்போது பாலை மேடையில் காக்கவைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கையும் பாத்திரமும்

பாலை எடுப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, குறைந்தது 20 விநாடி கழுவ வேண்டும். மார்பகத்தை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவ வேண்டியதில்லை. அப்படிக் கழுவினால் தோல் வறண்டு வெடிக்கும், அன்றாடம் குளிப்பதே போதும். பிரசவமான முதல் இரண்டு மூன்று நாட்களில் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதால் பம்பைவிடக் கையால் பீய்ச்சுவதே வசதி. பம்பில் எடுத்தால் அந்தச் சில மில்லிலிட்டரும் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

எதில் சேமிப்பது என்பதற்குக் கடையில் பெரிய தேடல் தேவையில்லை. இறுக மூடக்கூடிய கண்ணாடிக் குப்பி நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் அச்சிட்ட, உணவுக்கு உரிய கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவும் நல்லது. 7 என்ற எண் இருந்தால் தவிர்த்துவிடலாம், அந்த வகையில் சிலவற்றில் பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். தாய்ப்பால் சேமிப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட பைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டியவை அவை. சாதாரண பாலிதீன் பை எக்காரணம் கொண்டும் கூடாது. நம் வீடுகளில் எப்போதும் இருக்கிற எவர்சில்வர் சம்புடம், மூடி இறுக்கமாக இருந்தால், ஃப்ரிட்ஜில் சில நாள் வைப்பதற்கு நன்றாகவே உதவும். உள்ளே எவ்வளவு பால் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் அதன் ஒரே குறை.

பாத்திரத்தையும் பம்பின் உறுப்புகளையும் முதலில் ஓடும் நீரில் அலசி, பிறகு அதற்கென்றே ஒதுக்கிய ஒரு கிண்ணத்தில் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மீன் கழுவிய அதே தொட்டிக்குள் நேராகப் போட்டுக் கழுவுவது, கடற்கரை ஊர்க்காரர்கள் குறிப்பாகத் தவிர்க்க வேண்டிய ஒன்று. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு ஒரு முறையாவது அவற்றை நீரில் முழுக மூழ்கவைத்து, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். எடுத்தபின் முந்தானையாலோ கைப்பிடித் துணியாலோ துடைக்காமல், தூய துணி விரித்துக் கவிழ்த்துத் தானாக உலரவிட வேண்டும். கொதிக்கவைத்து ஒழித்த கிருமியை ஈரத் துணி ஒரே துடைப்பில் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஒரு பாத்திரத்தில் எவ்வளவு பால் என்பதும் முக்கியம். பிறந்த முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர்தான். இரண்டாம் நாளில் 5 முதல் 15, மூன்றாம் நாளில் 15 முதல் 30, நான்காம் நாளில் 30 முதல் 60 என்று அது ஏறும். எனவே முதல் வாரங்களில் 30 மில்லியும் 60 மில்லியுமாகப் பிரித்து வைப்பதே சரி. 150 மில்லியை ஒரே குப்பியில் நிரப்பி வைத்தால், ஒரு வேளைக்காக முழுவதையும் சூடாக்கி, மிஞ்சியதைக் கீழே கொட்ட வேண்டிவரும். அத்தனை நேரம் உட்கார்ந்து பீய்ச்சிய தாய்க்கு அதைப் பார்ப்பது எளிதல்ல.

ஒவ்வொரு பாத்திரத்திலும் பால் எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். ஃப்ரிட்ஜின் ஈரத்தில் சாதாரணப் பேனா மை பரவிவிடும்; ஒரு துண்டு பிளாஸ்டரில் மார்க்கர் பேனாவால் எழுதி, மூடியில் ஒட்டாமல் பாத்திரத்தின் வயிற்றில் ஒட்டினால், கழுவும்போது மூடி மாறினாலும் கணக்கு மாறாது. தேதியையும் மணியையும் பெரிதாக எழுதுவது நல்லது, ஏனென்றால் நள்ளிரவில் கண்ணாடி போடாமல் அதைப் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் குழந்தையின் பாட்டியாகத்தான் இருப்பார்.

ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசரிலும்

4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் ஃப்ரிட்ஜில் புதிதாக எடுத்த பால் 4 நாள் வரை நன்றாக இருக்கும். இங்கும் கேள்வி, நம் வீட்டு ஃப்ரிட்ஜ் உண்மையில் 4 டிகிரியில் இருக்கிறதா என்பதே. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் உள்ளே இருக்கும் திருகில் 1 முதல் 5 வரையோ 7 வரையோ எண்கள் மட்டும்தான் இருக்கும்; அவை டிகிரி அல்ல, எண் கூடினால் குளிர் கூடும் என்பது மட்டுமே அவற்றின் பொருள். மருந்துக் கடையிலோ இணையத்திலோ ஃப்ரிட்ஜ் வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டு, நடுத்தட்டின் பின்பக்கத்தில் இரவு முழுக்க வைத்துக் காலையில் கதவைத் திறந்த கையோடு பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 7, 8 டிகிரி காட்டினால் திருகைக் கூட்டிவைத்து மறுநாளும் பார்க்க வேண்டும். அப்படியும் இறங்கவில்லை என்றால், அந்த ஃப்ரிட்ஜில் 4 நாள் கணக்கை நம்ப வேண்டாம். ஒரே நாளில் பயன்படுத்திவிட வேண்டும்.

பாலை வைக்க வேண்டிய இடம் நடுத்தட்டின் பின்பக்கம். கதவுத் தட்டு அல்ல. தண்ணீர் பாட்டிலுக்காகவும் மோருக்காகவும் கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் கதவுத் தட்டில் இருப்பவைதான் முதலில் சூடாகின்றன. பாத்திரங்களை எல்லாம் மூடியுள்ள ஒரு பெரிய டப்பாவுக்குள் அடுக்கி மேல்தட்டிலோ நடுத்தட்டிலோ வைத்துவிட்டால், கீழே இருக்கும் பச்சை மீனின் நீரோ இறைச்சியின் நீரோ அதன்மேல் சொட்டுவதற்கு வழியில்லை. வீட்டில் மற்றவர்களின் கையும் அதில் அடிக்கடி படாது.

காலையில் எடுத்ததும் மதியம் எடுத்ததும் ஒன்றாகச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். ஆனால் உடல் சூட்டோடு இருக்கும் புதுப்பாலைக் குளிர்ந்த பாலின்மேல் ஊற்றக் கூடாது. புதுப்பாலைத் தனியாக ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டும் ஒரே குளிர்ச்சிக்கு வந்தபின் கலந்து, இரண்டில் எது பழையதோ அதன் நேரத்தையே எழுதி ஒட்ட வேண்டும்.

4 நாளுக்குள் தீராது என்று தோன்றினால், நான்காம் நாள்வரை காத்திராமல் முதல் நாளே உறையவைப்பது மேல். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம் வரை வைப்பது நல்லது, 12 மாதம் வரை ஏற்கத்தக்கது என்பது பொதுவான வழிகாட்டுதல். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளேயே மேலே இருக்கும் சிறிய ஐஸ் பெட்டி இந்தக் கணக்கில் வராது. அது அவ்வளவு குளிர்வதும் இல்லை, கதவு திறக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து சூடாகிறது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உறையும்போது பால் விரியும் என்பதால் பாத்திரத்தின் கழுத்தில் ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடிக் குப்பி வெடித்துவிடும். உறையும்போது வெள்ளணுக்கள் அழிகின்றன. நாட்பட நாட்பட வைட்டமின் சி-யும் குறைகிறது. எனவே கைக்குழந்தைக்கு ஃப்ரீசர் பால் என்பது இருப்புதானே தவிர, அன்றாடத்துக்கு உரியதல்ல.

சூடாக்குவது

உண்மையில் சூடாக்குவது என்ற பேச்சே சற்று மிகை. நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு ஃப்ரிட்ஜ் பாலைக் குளிர்ச்சி நீங்கிய அளவில் கொடுத்தாலே போதும். தாயின் உடல் சூடான 37 டிகிரிக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை. 40 டிகிரியைத் தாண்டினால், மேலே சொன்ன காவல் புரதங்களும் நொதிகளும் பாதிக்கப்படத் தொடங்கும்.

செய்முறை எளியது. ஓர் அகலமான கிண்ணத்தில், விரலை உள்ளே வைத்து எடுக்காமல் வைத்திருக்க முடிகிற அளவு வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மூடிய பால் பாத்திரத்தை அதில் நிறுத்த வேண்டும். நீர்மட்டம் மூடிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்து நீர் பாலுக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பாத்திரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்ற வேண்டும். நீர் ஆறினால் மாற்ற வேண்டும். எவர்சில்வர் என்றால் விரைவாகச் சூடேறும் என்பதால் கவனம் கூடுதலாக வேண்டும். பாலின்மேல் மஞ்சளாக ஓர் ஏடு மிதக்கும். அது கெட்டதன் அடையாளம் அல்ல, பாலின் கொழுப்பு பிரிந்து மேலே வந்திருக்கிறது, சுழற்றினால் கலந்துவிடும். பிறகு மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சூடு என்று தோன்றினால் அது அதிகம். சொட்டு விழுந்தது தெரிகிறது, ஆனால் சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை என்றால் சரியான பதம்.

அடுப்பில் நேரடியாக வைப்பதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடாது. மைக்ரோவேவ் பாலை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. பாத்திரம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓர் இடத்தில் மட்டும் கொதிநிலையை நெருங்கிய பால் இருக்கும், அது குழந்தையின் நாக்கையும் தொண்டையையும் வேகவைத்துவிடும்.

உறைந்த பாலை முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் நடுத்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலைக்குள் இளகிவிடும். முழுவதும் இளகிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். திரும்ப உறையவைக்கக் கூடாது. அவசரம் என்றால் முதலில் குழாய் நீரிலும், பிறகு வெதுவெதுப்பான நீரிலும் நிறுத்தி இளக்கலாம். ஒருமுறை வெதுவெதுப்பாக்கிய பாலையும், வெளியில் வைத்துக் குளிர்ச்சி நீங்கிய சேமிப்புப் பாலையும் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நம் வெயிலில் அந்த 2 மணி நேரத்தையும் எட்ட விடாமல் உடனே கொடுப்பதே முறை. குழந்தை வாய் வைத்துக் குடித்ததில் மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பது கூடவே கூடாது, ஏனெனில் உமிழ்நீரோடு வாயிலிருக்கும் கிருமிகளும் பாலில் சேர்ந்துவிடுகின்றன.

இந்த இடத்தில், குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான நம் ஊர்ப் பாலாடைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பாலூட்டும் புட்டியைவிடக் கிண்ணமோ பாலாடையோ மேல் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு, புட்டியின் ரப்பர் காம்பைத் தூய்மையாக வைப்பது கடினம் என்பதும், அதற்குப் பழகிய குழந்தை மார்பைக் கவ்வத் தடுமாறக்கூடும் என்பதும் காரணங்கள். சேமித்த பாலுக்குப் பாலாடையில் இன்னொரு வசதியும் இருக்கிறது: சம்புடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாலாடையில் ஊற்றிக் கொடுப்பதால் குழந்தையின் வாய் படுவது பாலாடையில் உள்ள பாலில் மட்டுமே, சம்புடத்தில் உள்ளது எச்சில்படாமல் இருக்கும். குழந்தையை மடியில் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, அது விழித்திருக்கும்போது, அதன் மூக்கை அடைக்காமல், உதட்டோரத்தில் பாலாடையின் மூக்கை வைத்துக் குழந்தை தானாக உறிஞ்சும் வேகத்துக்கு விட வேண்டும். தலையைச் சாய்த்து உள்ளே ஊற்றிவிடக் கூடாது, பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பழைய சங்கு பரணிலிருந்து இறங்கினால், அதன் சுருள் இடுக்குக்குள் கைபோகாது என்பதை நினைவில் வைத்து, தேய்த்துக் கழுவ முடிகிற எவர்சில்வர் பாலாடையையே எடுத்துக்கொள்வது நல்லது. பாலில் சர்க்கரையோ, தண்ணீரோ, தேனோ சேர்க்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் தரும் மருந்து நீங்கலாக, வேறெதுவும் குழந்தைக்குத் தேவையில்லை.

பயணத்திலும் மின்வெட்டிலும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் ஏறினால், நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போகும். இருபுறமும் பேருந்து நிலையத்துக்குப் போய்வரும் நேரத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் எளிதில் ஆகிவிடும். வெயிலில் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோகிற நேரம் அல்ல இது. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியிலோ குளிர்காப்புப் பையிலோ, நன்றாக உறையவைத்த ஐஸ் பைகளைப் பாத்திரங்களைச் சுற்றி ஒட்டினாற்போல் அடுக்கி எடுத்துச் சென்றால் 24 மணி நேரம் வரை பாலைக் காப்பாற்றலாம். ஐஸ் பை இல்லாவிட்டால், முதல்நாள் இரவே தண்ணீர் பாக்கெட்டுகளை உறையவைத்து எடுத்துக்கொள்ளலாம்; அவை இளகிவிட்டால் காப்பும் முடிந்தது. வீடு சேர்ந்ததும் பாலை உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும்.

பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பாலை வெதுவெதுப்பாக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போவார்கள். காபிக்கு அது சரி. தாய்ப்பாலை 37 டிகிரியில் மணிக்கணக்காகப் பிடித்து வைப்பது, கிருமி வளர்ப்பதற்கென்றே ஆய்வகத்தில் வைக்கும் சூட்டில் அதை வைப்பதற்குச் சமம். பிளாஸ்க்கில் வெந்நீரையும், குளிர்காப்புப் பையில் பாலையும் தனித்தனியாகக் கொண்டுபோய், வேண்டிய நேரத்தில் நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்குவதே வழி. போகிற இடத்தில் பால் பீய்ச்ச வேண்டியிருந்தால், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்களுக்கென்று பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கைகழுவும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

மின்வெட்டைப் பற்றி இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோதும் வெள்ளமும் மின்தடையும் சேர்ந்தே வந்தன. மின்சாரம் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. திறக்காத ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிரம்பிய தனி ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு இந்த எண்கள் பொருந்தா. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிரசவமான வீட்டில், புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஃப்ரீசரின் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி உறையவைப்பதும், சேமிப்பைப் பெருக்காமல் இருப்பதைக் கொடுத்துத் தீர்ப்பதும் அறிவுடைய செயல். நீண்ட மின்தடைக்குப் பிறகு திறக்கும்போது, பாலுக்குள் இன்னும் ஐஸ் படிகங்கள் தெரிந்தால் அது உறைந்த பாலாகவே கணக்கு, மீண்டும் உறையவிடலாம். முழுவதும் இளகியிருந்து ஆனால் குளிர்ச்சியாக இருந்தால் அன்றே கொடுத்துவிட வேண்டும். குளிர்ச்சியே இல்லை என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். புயல் நாட்களில் சேமித்த பாலைவிட நேரடியாகப் பாலூட்டுவதே எல்லா வகையிலும் பாதுகாப்பு, அதற்கு மின்சாரமும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம்.

நிறமும் மணமும்

முதல் நாட்களின் சீம்பால் மஞ்சளாகவும், பிறகு வரும் பாலின் முற்பகுதி நீலம் பாரித்தாற்போல நீர்த்தும் இருப்பது இயல்பு. தாய் நிறையக் கீரை சாப்பிட்டால் சில வேளை இலேசான பச்சைச் சாயல்கூடத் தெரியும். இவற்றுக்காகப் பாலைக் கொட்ட வேண்டாம். சேமித்த பாலில் சிலருக்குச் சோப்பு வாடை அடிப்பதும் உண்டு. பாலில் இயல்பாகவே உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருகிற வாடை அது, உறைந்த நிலையிலும் அந்த நொதி ஓய்வதில்லை. பால் கெடவில்லை, பெரும்பாலான குழந்தைகள் பொருட்படுத்தாமல் குடித்துவிடும். குடிக்க மறுக்கும் குழந்தை என்றால், அடுத்த முறை சேமித்துவைப்பதைக் குறைத்துப் புதிதாக எடுத்ததைக் கொடுப்பதே முதல் தீர்வு. புளித்த வாடை அடிப்பதும், எவ்வளவு சுழற்றினாலும் ஏடு கலக்காமல் திரித்திரியாக நிற்பதும் வேறு விஷயம். அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும். நாவில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க முயல வேண்டாம். நேரமும் தேதியும் எழுதாமல் ஃப்ரிட்ஜின் மூலையில் கிடக்கும் பால் எவ்வளவு நன்றாக மணந்தாலும் கணக்கில் வராத பால்தான்.

குழந்தை மருத்துவமனையில் இருந்தால்

இதுவரை சொன்னவை நிறைமாதத்தில் பிறந்து, நலமாக வீட்டில் இருக்கும் குழந்தைக்கு. ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு விதிகள் இதைவிடக் கண்டிப்பானவை, ஏனென்றால் அதன் குடலும் எதிர்ப்பாற்றலும் இன்னும் முதிரவில்லை. பாத்திரத்தை எப்படிக் கொதிக்கவைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவந்து தருவது, எப்படிப் பெயர் எழுதுவது என்பதை அந்தப் பிரிவின் செவிலியர் சொல்வதே முடிவு. இந்தக் கட்டுரையின் எண்கள் அங்கே செல்லாது. குழந்தையின் பெயர் இன்னும் வைக்கப்படாத நிலையில் ஒரே வார்டில் பல சம்புடங்கள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், தாயின் பெயரும் மருத்துவமனைப் பதிவெண்ணும் தேதியும் நேரமும் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். தாய் ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டால் அதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

தாய்க்குப் பால் போதவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவரின் பாலை வீட்டிலேயே வாங்கிக் கொடுப்பது பாசத்தால் செய்வதே ஆனாலும் பாதுகாப்பானதல்ல. சில நோய்க்கிருமிகள் பாலின் வழியே பரவக்கூடியவை. அதற்காகத்தான் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் 2016 முதல் அமுதம் தாய்ப்பால் மையம் என்ற பெயரில் அப்படி ஒன்று இயங்குகிறது. இத்தகைய வங்கிகளில் கொடையளிக்கும் தாய்மார்கள் பரிசோதிக்கப்படுகிறார்கள், பால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, கிருமிச் சோதனைக்குப் பிறகே குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. வங்கியில் கருவியைக் கொண்டு துல்லியமாகச் செய்யும் இந்தப் பதப்படுத்தலை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம். பால் போதவில்லை என்ற ஐயம் எழுந்த அன்றே, குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்ற கணக்கோடு குழந்தை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.